டர்போ டீசல் காரில் பிரீதர் ஆயில்: பைப்பைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும்

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய டீசல் கார்கள் ஒரே குறையோடு திரும்பத் திரும்ப வருகின்றன: டர்போவுக்குப் போகும் ஏர் பைப்பில் ஆயில். வண்டிக்காரர் பயந்துபோய், “டர்போ போயிருச்சுங்களா?” என்பார். சிலர் அதற்கு முன்பே யாரோ சொன்னார்கள் என்று பிரீதர் பைப்பைக் கழற்றித் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் வழியாக வெளியேறி, ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் சேர்ந்து மறுபடி எரியப் போகிறது. அந்த வழிக்குத்தான் பிரீதர் என்று பெயர். வாயுவோடு கொஞ்சம் ஆயிலும் போகத்தான் செய்யும். எவ்வளவு போகிறது, ஏன் போகிறது என்று பார்க்காமல் பைப்பை மட்டும் திருப்பிவிட்டால் ஆயில் கண்ணில் படாது. குறை உள்ளேயே இருக்கும். அதனால்தான் அறிகுறி வாரியாக, செலவு குறைந்த காரணத்தில் தொடங்கி எழுதுகிறேன். பைப்பை எப்படித் திருப்புவது என்பது கடைசிக்கு முந்தின பகுதியில் இருக்கிறது. நேராக அங்கே போய்விடாதீர்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இவை

சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் காரணத்தில் பாதி கிடைத்துவிட்டது. சர்வீஸில் ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று ஊற்றிவிடுகிறார்கள். கூடின ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்குகிறது, அந்த நுரை பிரீதரில் ஏறுகிறது. மேல் கோட்டுக்குக் கீழே வரும்வரை எடுத்துவிட்டு, ஏர் பைப்புக்குள் இருப்பதைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து ஏர் பில்டர். பில்டர் அடைத்திருந்தால் டர்போவின் உறிஞ்சல் பிரீதர் பக்கம் கூடி, ஆயிலையும் சேர்த்து இழுக்கும். செங்கல் சூளை, மண் ரோடு என்று ஓடும் வண்டிகளில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் பில்டரைக் கழற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். காற்றடித்துத் திரும்பப் போடுவதை நான் செய்வதில்லை. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் தூசி நேரே டர்போவுக்குப் போகும்.

மூன்றாவது, பிரீதர் ஹோஸ். கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கீல் மாதிரி கரிப்பசை அடைத்திருக்கிறதா? விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டிக்கொண்டால் ரப்பர் உப்பிப்போய்விட்டது என்று அர்த்தம்.

### அழுத்தம் அளக்கும் முறை

என்ஜினுக்குள் வாயு அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர் போதும். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள். மீதியை ஒரு பலகையில் ‘ப’ வடிவில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு நீலம் விடுங்கள். அளவு தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு காலும் ஒரு மீட்டருக்காவது இருக்கட்டும். உயரம் குறைந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. டிப்ஸ்டிக் குழாயில் மாட்டாதீர்கள். சில என்ஜின்களில் அதன் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கி இருப்பதால் அளவு தப்பாகக் காட்டும்.

என்ஜின் சூடானபின் ஐடிலிங்கிலும், 2,500 ஆர்.பி.எம்.மிலும் இரண்டு கால்களுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் என் கணக்கு இது: நல்ல என்ஜினில் நீர்மட்டம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சில செ.மீ. நகரும், அவ்வளவுதான். 10 செ.மீ.க்கு மேல் வெளியே தள்ளினால் காரணம் தெரியாமல் நான் வண்டியை அனுப்புவதில்லை.

ஆயில் மூடியைத் திறந்து வைத்து, புகை வருகிறதென்று பார்த்து ‘ரிங் போச்சு’ என்று தீர்ப்புச் சொல்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள். டீசல் என்ஜினில் மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வருவது இயல்பு. மூடி ஆடுவதும் பெரிய சாட்சி இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

## அறிகுறி 1: ஏர் பைப்பிலும் இன்டர்கூலர் ஹோஸிலும் ஆயில்

இன்டர்கூலர் என்பது டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி. விரலை உள்ளே விட்டால் எண்ணெய்ப்பசை ஒட்டுகிறது, ஆனால் சொட்டவில்லை. அப்படியானால் அது குறையே இல்லை. ஹோஸ் கிளிப்பை இறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஹோஸின் தாழ்வான இடத்தில் ஆயில் தேங்கி, கழற்றியதும் ஊற்றுகிறது என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

எந்த இடத்தில் ஈரம் தொடங்குகிறது? இதுதான் முதல் கேள்வி. பனியன் வேஸ்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, 100 கி.மீ. ஓட்டிவிட்டுத் திறங்கள். பிரீதர் சேரும் நிப்பிளில் தொடங்கி டர்போ பக்கம் வரை ஈரம் இருந்தால் ஆயில் பிரீதரிலிருந்து வருகிறது. டர்போவுக்கு முன்னால் காய்ந்தும், டர்போவுக்குப் பின்னால் நனைந்தும் இருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம்.

பிரீதரிலிருந்து என்றால்: ஆயில் அளவு, ஏர் பில்டர் சரியா என்று மறுபடி உறுதி செய்யுங்கள். பிறகு டேப்பட் கவரில் இருக்கும் ஆயில் பிரிப்பான். சில வண்டிகளில் இதைத் தனியாகக் கழற்றிக் கழுவலாம். பலவற்றில் கவரோடு ஒட்டியே வரும், கழுவினாலும் உள் தடுப்புகளில் இருக்கும் கரி முழுதாகப் போகாது. பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், உள்ளே அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ரப்பர் சவ்வான டயாப்ரம் கெட்டுவிடும். அதுவும் சரி, அழுத்தமும் சரி, ஆனால் ஆயில் மட்டும் கூடுதலாக வருகிறது என்றால் கேட்ச் கேன் (பிரீதர் வழியில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் கேன்) வைப்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

டர்போவிலிருந்து என்றால்: டர்போவைக் கழற்றுமுன் அதன் ஆயில் திரும்பும் பைப்பைப் பாருங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வருவது, என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குத் தன் எடையால் வடிந்துதான். அந்த பைப்பில் கரி அடைத்திருந்தாலோ, யாரோ தடவிய கேஸ்கெட் பேஸ்ட் உள்ளே பிதுங்கி இருந்தாலோ, கிராங்க் சுற்றும் கூடான கிராங்க் கேஸில் அழுத்தம் கூடியிருந்தாலோ, ஆயில் கீழே இறங்க முடியாமல் டர்போவின் சீல் வழியாக வெளியே வரும். டர்போ நன்றாகத்தான் இருக்கும். புது டர்போ போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரி கசியும்.

பைப் சுத்தமாக இருந்து, அழுத்தமும் சரியாக இருந்தால் டர்போ ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடுவது சகஜம். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் கையில் தெரிந்தாலோ, பிளேடு கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ வேலைதான். இந்த இடத்தில் டர்போ வேலை தெரிந்தவரிடம் போய்விடுங்கள். எங்கே மாற்றினாலும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, உள்ளே இருக்கும் ஆயில் முழுக்க வடிந்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இதை நேரில் நின்று பாருங்கள். அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இது. ஏன் என்பதை அறிகுறி 3-இல் சொல்கிறேன்.

## அறிகுறி 2: டிப்ஸ்டிக் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது, சீல் எல்லாம் கசிகிறது

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினோம், ஒரு மாதத்தில் மறுபடி கசிவு. கிராங்க் சீல் மாற்றினோம், அதுவும் அப்படியே. புது சீல் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே போனால் குறை சீலில் இல்லை, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. நீலத் தண்ணீர் டியூபை மாட்டுங்கள். வித்தியாசம் அதிகமாகக் காட்டினால் இந்த வரிசையில் போங்கள்.

பிரீதர் அடைப்பு. ஹோஸை டர்போ பக்கம் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். கழற்றிய நிப்பிளைத் துணியால் மூடாதீர்கள், டர்போ இழுத்துக்கொள்ளும். சரியான அளவு ரப்பர் மூடி போட்டுக் கிளிப் இறுக்குங்கள். அழுத்தம் இன்னும் குறையவில்லை என்றால் டேப்பட் கவர் பக்கமும் கழற்றி அளங்கள். எந்த இடத்தில் கழற்றியதும் நீர்மட்டம் இறங்குகிறதோ, அதற்கு அடுத்த பகுதியில் அடைப்பு.

பிரேக் வேக்கும் லைன். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. டீசல் காரில், பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்கும் பம்ப் பொதுவாகக் கேம்ஷாஃப்டோடு சுற்றும். பூஸ்டரிலிருந்து உறிஞ்சிய காற்றை அது என்ஜினுக்குள்ளேயே விடுகிறது. பூஸ்டரிலோ ஹோஸிலோ விரிசல் இருந்தால், பம்ப் நிற்காமல் வெளிக்காற்றை இழுத்து டேப்பட் கவருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்.

போன வருடம் ஒரு வாடகைக் கார் வந்தது. வேறொரு இடத்தில் டர்போ மாற்றிவிட்டார்கள், கிராங்க் சீலும் மாற்றிவிட்டார்கள், ஆயில் நிற்கவில்லை. அடுத்து என்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டிரைவர் தம்பி வண்டிக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பவர், கை நடுங்க நின்றார். டியூபை மாட்டினேன், ஐடிலிங்கிலேயே 14 செ.மீ. காட்டியது. பிரீதரில் அடைப்பு இல்லை. வேக்கும் ஹோஸைப் பம்ப் பக்கம் கழற்றி, பம்பின் நிப்பிளை மூடினேன். நீலத் தண்ணீர் மெல்ல இறங்கி இரண்டு விரற்கடை வித்தியாசத்தில் நின்றது. பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் நகக்கண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மடக்கினால்தான் வாய் திறந்தது. அந்த ஹோஸை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இந்தச் சோதனையை நிறுத்திய வண்டியில் மட்டும் செய்யுங்கள். வேக்கும் ஹோஸ் கழன்ற நிலையில் பிரேக் கல்லாக இறுகும், ஓட்டவே கூடாது. ஓட்டை ஹோஸில் இல்லாமல் பூஸ்டரில் இருந்தால் அது பிரேக் மெக்கானிக் வேலை, அன்றைக்கே.

இன்ஜெக்டர் வாஷர். இன்ஜெக்டர் டேப்பட் கவருக்குள் இறங்கும் வகை என்ஜினில், அடியில் இருக்கும் செம்பு வாஷர் விட்டுப்போனால் எரியும் வாயு நேராக மேலே வரும். ‘சுஃப் சுஃப்’ என்று ஒரு சத்தம் என்ஜின் வேகத்தோடு சேர்ந்து கேட்கும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக இறுகியிருக்கும். விட்டுவைத்தால் இன்ஜெக்டர் உட்காரும் இடமே அரித்துப்போகும், பிறகு வாஷர் மாற்றினாலும் நிற்காது. வெகுநாள் இறுகிய இன்ஜெக்டரை நெம்பிக் கழற்ற முயற்சி செய்யாதீர்கள், அதற்கென்று இழுவைக் கருவி வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

ரிங், சிலிண்டர். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் குறையவில்லையா? இப்போதுதான் ரிங்கைப் பற்றிப் பேசலாம். கம்ப்ரஷன் பார்த்தால் மட்டும் போதாது, லீக்-டவுன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டராகக் காற்று ஏற்றிக் காது வைத்துக் கேட்பார்கள்: ஆயில் மூடியில் சீறினால் ரிங், ஏர் பைப்பில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இந்தச் சோதனையின் முடிவைக் கையில் காட்டாமல் என்ஜினை இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இறக்குவது பெரிய செலவு.

## அறிகுறி 3: நீலப் புகை

ஆயில் எரிந்தால் புகை நீலம் கலந்து வரும், மூக்கில் எரிச்சலான வாடை அடிக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், இரவில் வால்வு சீல் வழியாகவோ டர்போ வழியாகவோ இறங்கிய ஆயில். மலை இறங்கி முடித்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் வந்தால் இன்டர்கூலரில் தேங்கியது கிளம்பி வருகிறது; அறிகுறி 1-க்குப் போங்கள். ஏற்றத்தில் லோடோடு போகும்போது விடாமல் வந்தால் ரிங்கோ டர்போவோ. அறிகுறி 2-இன் அளவுகளை எடுக்காமல் எதையும் மாற்ற வேண்டாம். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

### என்ஜின் தானாகவே சீறி ஓடினால்

இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். டீசல் என்ஜினுக்கு எரிவதற்கு ஆயிலே போதும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயில் மொத்தமாக உள்ளே போனால், ஆக்சிலேட்டரை மிதிக்காமலே என்ஜின் உச்ச வேகத்துக்கு ஏறும், பின்னால் ஊரே மறைகிற அளவுக்குப் புகை வரும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலைத்தான், எரிவதோ ஆயில்.

கியர் வண்டி என்றால்: பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் இழுங்கள், கிளட்ச் மிதித்து மேல் கியரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விடுங்கள். என்ஜின் திணறி அணையும். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால் இந்த வழி இல்லை. எல்லோரும் இறங்கி விலகிப் போங்கள். பானெட் திறந்திருந்து, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் பக்கத்திலேயே இருந்தால் காற்று உள்ளே போகும் வாயில் அடிக்கலாம். கையாலோ துணியாலோ டர்போ வாயை மூடப் போகாதீர்கள். விரல் போகும், துணி உள்ளே போகும்.

அணைந்த பின் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும்.

## அறிகுறி 4: ஆயில் மூடிப் பக்கம் விசில் சத்தம், மூடியைக் கழற்றப் போனால் உள்ளே இழுக்கிறது

டேப்பட் கவரில் நாணயம் போல வட்டமான ஒரு மூடிக்கு அடியில் ரப்பர் டயாப்ரம் இருக்கும். அது கிழிந்தால் மூடியில் உள்ள சின்னத் துளை வழியாகக் காற்றை இழுத்து விசிலடிக்கும், ஆயிலும் கூடுதலாகப் போகும். துளையின் மேல் விரலை வைத்தால் சத்தம் நின்றுவிடும். சில வண்டிகளுக்கு டயாப்ரம் தனியாகக் கிடைக்கிறது, பத்து நிமிட வேலை. மற்றவற்றுக்குக் கவரோடுதான் மாற்ற வேண்டும். துளையை எம்-சீல் வைத்து அடைத்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். சத்தம் நின்றது, ஒழுங்குபடுத்தும் வேலையும் நின்றது, அடுத்து கிராங்க் சீல் கசிந்தது.

## அறிகுறி 5: ஆயில் அளவு குறையாமல் கூடுகிறது

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப்., சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டுக்கும் கடைக்கும் என்று குறுந்தூரமே ஓட்டினால் அது பாதியில் நின்று நின்று, கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசலின் மிச்சம் ரிங் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். ஆயில் மாற்றிவிட்டு, வாரம் ஒரு முறையாவது பைபாஸில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கூடினால், அல்லது பழைய வண்டியாக இருந்தால், இன்ஜெக்டர் ஒழுகல். டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் பம்ப் ரூம்காரரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள். டீசல் கலந்த ஆயிலோடு மலை ஏற வேண்டாம். அது நீர்த்துப்போய் பேரிங்கைத் தாங்காது.

## அறிகுறி 6: மூடிக்குள் வெண்ணெய் மாதிரி படிவு

ஊட்டிப் பக்க வண்டிகளில் குளிர்காலத்தில் பார்க்கலாம். கூலன்ட் குறையவில்லை, வண்டி குறுந்தூரமே ஓடுகிறது என்றால் அது பனி ஈரம். நீளமாக ஓட்டினால் காய்ந்துவிடும். கூலன்ட் குறைகிறது என்றால் பிரீதரை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட் பாருங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.

## பைப்பைத் திருப்புவது: வெளியே விடாமல், கேன் வழியாக

பிரீதரைத் தரைக்குத் திருப்பிவிட்ட வண்டிகளில் நான் பார்த்தவை: ஏசி போட்டால் காருக்குள் புகை வாடை, என்ஜினுக்கு அடியில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்த சேறு, சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் தெறித்த கறை. கழற்றிய நிப்பிளை மூடாமல் விட்ட ஒரு வண்டியில் ஏர் பில்டரைத் தாண்டித் தூசி நேராக டர்போவுக்குப் போயிருந்தது. பிரீதரில் வரும் அந்தப் புகையில் எரிந்த டீசல் புகையும் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது. பின் சீட்டில் உட்காரும் குழந்தைதான் அதைச் சுவாசிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பி.யூ.சி. புகைச் சோதனையில் பைப்பைத் திருப்பியது பிடிபடாமல் போகலாம். வாரன்டி கேட்டுப் போகும்போது பிடிபடும். வாரன்டியில் இருக்கும் வண்டியில் கேட்ச் கேன்கூட வைக்காதீர்கள், முதலில் சர்வீஸ் சென்டரிலேயே எழுதிக் கேளுங்கள்.

சரியான வழி மூடிய சுற்று: டேப்பட் கவரிலிருந்து கேனுக்கு, கேனிலிருந்து மறுபடி அதே டர்போ நிப்பிளுக்கு. கவரில் உள்ள டயாப்ரத்தையும் பிரிப்பானையும் தொடக் கூடாது.

ஹோஸின் உள் அகலம் பழையதை விடக் குறையவே கூடாது. ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எதையும் போடாதீர்கள். அவை தண்ணீருக்கானவை, ஆயில் பட்டால் உப்பி உட்புறம் அடைத்துக்கொள்ளும். வண்ண வண்ணமாகக் கிடைக்கும் சாதாரண சிலிகான் ஹோஸும் ஆயில் கசிய விடும். ஆயிலுக்கென்று விற்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் கேளுங்கள்.

ஹோஸ் எங்கும் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. தொங்கிய இடத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கி வழியை மூடிவிடும், அப்புறம் அறிகுறி 2 நீங்களே உண்டாக்கியதாகிவிடும். கவரிலிருந்து கேனுக்கு ஒரே சரிவு, கேனிலிருந்து டர்போவுக்கு ஒரே ஏற்றம். கேனைப் பாடியில் பிடிமானம் கொடுங்கள்; என்ஜின் ஆடும், அதனால் ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட், பெல்ட் மூன்றிலிருந்தும் தள்ளியே இருக்க வேண்டும். முன்பக்கம் காற்றுப் படும் இடமாக இருந்தால் ஆவி நன்றாகக் குளிர்ந்து படியும்.

கேனுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து வாங்குங்கள். மலிவான கேன் பல வெறும் டப்பாதான். ஒரு பக்கம் வந்தது மறுபக்கம் போய்விடும். அதைச் சரிசெய்கிறேன் என்று பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளைத் திணிக்கிறார்கள். அப்படி ஒரு வண்டியின் டர்போ வாயைத் திறந்து பார்த்தேன். கம்ப்ரஸர் சக்கரத்தின் பிளேடு ஒவ்வொன்றின் நுனியும் எலி கடித்த அட்டை மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. ஏர் பைப்பின் வளைவில் மயிரிழை அளவுக்குக் கம்பித் துணுக்குகள் மின்னின. கம்பி சூட்டிலும் அதிர்விலும் நொறுங்கி, உறிஞ்சலோடு போய்விடுகிறது. உள்ளே தடுப்புத் தகடும், பொருத்தி இறுக்கிய சல்லடையும் உள்ள கேன் மட்டும் போடுங்கள்.

மாட்டி முடித்ததும் நீலத் தண்ணீர் டியூபை மறுபடி மாட்டுங்கள். கேன் வைப்பதற்கு முன் எடுத்த அளவை விடக் கூடினால் அந்தக் கேனோ ஹோஸோ குறுகல். கழற்றிவிடுங்கள்.

## கேன் வைத்த பிறகு வரும் கேள்விகள்

கேனில் ஒன்றுமே சேரவில்லை. உங்கள் என்ஜின் நன்றாக இருக்கலாம். அல்லது உள்ளே தடுப்பில்லாத டப்பா. கேனுக்குப் பின்னால் உள்ள ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் டப்பாதான்.

பால் காபி மாதிரி வருகிறது. ஆயிலும் பனி ஈரமும் கலந்தது. மலைப்பக்கம் இது வரும். கூலன்ட் குறையாத வரை பயம் இல்லை.

சீக்கிரம் நிறைகிறது. முதலில் 500 கி.மீ.யில் வடித்து, அளந்து எழுதி வையுங்கள். 1,000 கி.மீ.க்கு டீ கிளாஸில் கால் பங்கு வந்தால் கவலைப்படுவதில்லை. கிளாஸ் நிறைந்தால் அறிகுறி 2-க்குத் திரும்பிப் போங்கள். அளவு மாதத்துக்கு மாதம் ஏறினாலும் அப்படியே. நிறைந்த கேனோடு ஓட்டினால் ஒரு வளைவில் அத்தனை ஆயிலும் ஒரே நேரத்தில் டர்போவுக்குள் போகும், மேலே சொன்ன சீறல் அப்படியும் வரும். வடிப்பதை மறந்துவிடுவேன் என்று தோன்றினால் கேன் வைக்கவே வேண்டாம், பிரிப்பானையும் ஹோஸையும் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

வடித்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் கரியும் இருக்கிறது. சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டவும் வேண்டாம். ஒரு பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்து, அடுத்த சர்வீஸின்போது பட்டறையில் கழிவு ஆயிலோடு கொடுத்துவிடுங்கள். எங்களிடம் அதை எடுக்க ஆள் வருகிறார்கள்.